ஏரிப் படத்தின் வேகத்தில் என் பங்கு

எங்கள் குப்பத்தில் இன்றைக்குப் படகு கட்டுகிற கல் துறை நான் கட்டியது. கல் வராது, லாரி வராது, சேற்றில் எதுவும் நிற்காது என்று சொன்னவர்கள் எல்லாம் இப்போது அந்தத் துறையில்தான் உட்கார்ந்து பீடி பிடிக்கிறார்கள். ஐஸ் கொட்டகை நான் கட்டியது. ஏலம் போடுகிற இடத்துக்குத் தகரக் கூரை நான் போட்டது. ஊருக்குள் தெருவிளக்கு வருவதற்கு எந்தெந்த ஆபீஸ் வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று என் முழங்காலைக் கேட்டால் சொல்லும். நான் படித்தது நாலாவது வரைக்கும். அதிலும் பாதி நாள் ஏரியில்தான் இருந்தேன். அப்படிப்பட்டவன் ஓலை வீட்டைப் புயல் பிடுங்கிக்கொண்டு போன பிறகு அதே இடத்தில் மாடி வீடு போட்டேன். பைபர் படகு வாங்கினேன். மகளை இன்ஜினியருக்குப் படிக்கவைத்தேன்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது ஒப்புக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் யாரும் என் கணக்கில் சேர்ப்பதில்லை. போனில் திறக்கிற எங்கள் ஏரியின் படம். தொட்டவுடன் வருகிறது. விரலை வைத்து இழுத்தால் விரலோடு கூடவே நகர்கிறது. அந்தப் படத்தை வரைந்தவள் என் மகள், அதில் மாற்றுப் பேச்சில்லை. ஆனால் அந்த வேகத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை அவள் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

என் மகள் பெங்களூரில் இருக்கிறாள். பிரவுசரில் திறக்கிற அப்ளிகேஷன்கள் செய்கிற கம்பெனியில் வேலை. போன புதிதில் மாசத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தாள். பிறகு பொங்கலுக்கு, பிறகு பொங்கலுக்கும் இல்லை. போனில் பேசுவோம். சாப்பிட்டியா என்பாள், சாப்பிட்டேன் என்பேன். நீ சாப்பிட்டியா என்பேன், ஆச்சு என்பாள். அதற்குமேல் அவள் வேலையைப் பற்றிக் கேட்க எனக்குத் தெரியாது, என் வேலையைப் பற்றிக் கேட்க அவளுக்கு ஒன்றும் இல்லை. போனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். கொடுத்த பிறகு வாசலில் போய் நின்றுகொண்டு, உள்ளே அம்மாவும் பெண்ணும் பேசுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படி இருந்தபோதுதான் மீன்துறை ஊரில் ஒரு கூட்டம் போட்டது. ஒரு அதிகாரி பெரிய படம் ஒன்றை மேஜைமேல் விரித்து, நீங்கள் ஏரியில் எங்கே மீன் பிடிக்கிறீர்கள், இதில் காட்டுங்கள் என்றார். ஏரி முழுக்க ஒரே நீலம். உள்ளே ஒரு கோடு இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீர்போலக் கிடந்தது.

எங்கள் தண்ணீர் அப்படிச் சும்மா கிடப்பதில்லை. வலை கட்டுவதற்கு நல்ல இடங்கள் உண்டு. அவற்றைப் பாடு என்போம். ஒவ்வொரு பாட்டுக்கும் எல்லை உண்டு, மூலைக்கு மூலை கழி நட்டிருக்கும். குடும்பங்கள் முறைவைத்து வலை கட்டும். இன்றைக்கு நல்ல பாடு எனக்கு வந்தால் அடுத்த முறை அது உனக்கு. எது யார் பாடு என்று எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த மேஜைமேல் கையை வைத்துக் காட்டச் சொன்னபோது ஆளாளுக்கு ஒரு இடத்தில் கை வைத்தோம். அதிகாரி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கு மகள் போன் செய்தபோது இதைச் சொன்னேன். அவள், "நான் வரைஞ்சு தரேன் நைனா. ஆனா எல்லை எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அங்கே ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவள் ஆபீஸ் விட்டு வந்து தினமும் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். அவள் அம்மாவை அல்ல, என்னை.

போனில் ஏதோ ஒன்றை ஏற்றிவிட்டாள். போன் போகிற இடமெல்லாம் தானே புள்ளி வைத்துக்கொண்டு வரும். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. நான் போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டின் எல்லையையும் படகில் சுற்றி வந்தேன். ஆழம் இல்லாத இடத்தில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கழியால் தள்ளினேன். வேறு யாராவது செய்திருந்தால் நாலு பாட்டோடு போதும் என்று கரையேறியிருப்பார்கள். நான் எங்கள் பாடு, பக்கத்துக் குப்பத்துப் பாடு, முகத்துவாரம் வரைக்கும் எல்லாவற்றையும் சுற்றினேன். பக்கத்துக் குப்பத்து ஆள்கள் கரையில் நின்று என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள். ஏரிக்கு அளவெடுத்து ஜாக்கெட் தைக்கப்போகிறேன் என்றேன்.

மகள் படத்தை அனுப்பினாள். அதைத் திறப்பதற்கு ஐஸ் கொட்டகையில் ஆள்களைக் கூட்டிவைத்திருந்தேன். போன் என் கையில். வெள்ளையாக இருந்தது. இருந்துகொண்டே இருந்தது. அப்புறம் கரை வந்தது, அப்புறம் ஒரு பாடு, அப்புறம் இன்னொன்று. விரலை வைத்து இழுத்தால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு குதி குதித்தது. பெரிசாக்கினால் மறுபடி வெள்ளை. போன் இட்லிப் பானைபோலச் சுட்டது.

என் பங்காளி ஒருத்தன், ஐஸ் உடைக்கிற கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாபா, உன் பொண்ணு ஏரில தண்ணி வத்திப்போச்சா? தரை தட்டி நிக்கிது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தன், அதிகாரி அதற்குள் ரிட்டயர் ஆகிவிடுவார் என்றான்.

எனக்குக் கோபம் மகள்மேல் இல்லை, போன்மேல். அவளிடம் சொன்னபோது அவள்தான் விளங்கவைத்தாள். அவள் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"இது போட்டோ இல்ல நைனா. போட்டோன்னா ஒரு வாட்டி எடுத்தா அதோட சரி. இது கோடு. இங்கேர்ந்து அங்க போ, அங்கேர்ந்து இப்பிடித் திரும்புன்னு போனுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். நீ வெரல வெச்சு இஸ்த்தா, அது மொதல்லேர்ந்து எல்லாத்தையும் மறுபடி வரையுது."

எனக்கு உடனே பிடிபட்டது. வலையைப் பார்க்க ஒருத்தன் வந்தால், நட்ட கழி எல்லாவற்றையும் பிடுங்கி, அவன் நிற்கிற பக்கமாகத் திரும்ப நட்டு வலை கட்டிக் காட்டுவதுபோல. பிறகு அவன் இரண்டு அடி தள்ளி நின்றால் மறுபடியும் பிடுங்கு. எந்தப் போன்தான் தாங்கும்?

அப்படியானால் போட்டோவாகவே போட்டுவிடு என்றேன். போட்டோவைப் பெரிசாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துபோகும், கழி எங்கே இருக்கிறது என்றே தெரியாது, கோடாக இருந்தால் எவ்வளவு பெரிசாக்கினாலும் கத்தி மாதிரி நிற்கும் என்றாள். எஸ்.வி.ஜி. என்று அதற்கு ஒரு பேர் சொன்னாள். சரி, கோடே இருக்கட்டும் என்று நான் முடிவு செய்தேன்.

அடுத்த நாள் கூப்பிட்டாள். குரலிலேயே சிரிப்பு இருந்தது.

"நைனா, நீ படகு ஓட்டினியா, பாவாடைக்கு எம்பிராய்டரி போட்டியா? ஒரு பாட்டுக்கே எவ்ளோ புள்ளி."

மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது, படகு ஆடினால் கோடும் ஆடத்தானே செய்யும் என்றேன்.

"அது சரி. மூலைக்கு மூலை இது இன்னாது? முறுக்கு சுட்டு வெச்சாப்ல சுத்திச் சுத்தி?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பாட்டு முறை கைக்கு வருகிற நாளில், மூலைக்கழி ஒவ்வொன்றையும் படகால் சுற்றி வந்து, கழியில் மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் வலையை இறக்குவோம். சின்ன வயசிலிருந்து செய்கிறது. மூலைக்கழி கண்ணில் பட்டால் என் கை தானாகப் படகைத் திருப்பிவிடும். அளவெடுக்கப் போனபோதும் அப்படித்தான் திருப்பியிருக்கிறது. சட்டைப் பையில் இருந்த போன், நான் சுற்றிய சுற்றையெல்லாம் பயபக்தியோடு புள்ளி வைத்து எழுதியிருக்கிறது. படம் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த ஏழைப் போன் எல்லா மூலைக்கழியையும் சுற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறது.

சொன்னேன். அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடமிருந்து கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிரித்து முடித்துவிட்டு, "மஞ்சத் தண்ணி நான்தானே தெளிப்பேன், படகு முன்னால ஒக்காந்துக்கினு. மறந்தே பூட்டேன் நைனா" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது, சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சிந்தாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் மறக்கவில்லை. மறந்துபோகும் என்றும் எனக்குத் தோன்றியதில்லை.

முறுக்கையெல்லாம் அவள் எடுத்துவிட்டாள். நேராகப் போகிற கோட்டில் தேவையில்லாத புள்ளிகளைக் களைகிற வழி ஒன்று இருக்கிறதாம், அதையும் செய்தாள். படம் வேகம் கண்டது. ஆனால் நான் பெரிசாக்கிப் பார்த்தேன். நான்தான் பார்த்தேன், வேறு யாரும் பார்க்கவில்லை. எங்கள் பாட்டுக்கும் பக்கத்துக் குப்பத்துப் பாட்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு கீற்று. எங்கள் பாட்டின் நீலமும் இல்லாமல் அவர்கள் பாட்டின் பச்சையும் இல்லாமல் வெள்ளையாக.

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கவில்லை. அவள் ஆபீஸில் இருக்கும்போதே கூப்பிட்டுக் கத்தினேன். அந்தக் கீற்றைப் பக்கத்துக் குப்பத்தான் பார்த்தால் அதில் வலை கட்ட வருவான், எங்கள் ஆளும் வருவான், மண்டை உடையும். எங்கள் ஏரியில் நடுவில் விட்ட தண்ணீர் என்று ஒன்று கிடையாது. எல்லைக்கழி ஒன்றுதான். இந்தப் பக்கத்துக்கும் அதுதான், அந்தப் பக்கத்துக்கும் அதுதான்.

அவள் வெளியே வந்து பேசினாள். ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக வரைந்திருப்பதால், புள்ளி களையும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறையவில்லை என்றாள். நடுக்கோட்டை ஒரே தடவை வைத்துக்கொண்டு இரண்டு பாட்டுக்கும் அதையே கொடுக்கிற முறை ஒன்று உண்டு, அது தெரியும், வேலை அதிகம் என்று தள்ளிவைத்திருந்தேன் என்றாள். இப்பவே செய் என்றேன். செய்தாள். கீற்று போயிற்று. அது மட்டுமில்லை; இரண்டு தடவை இருந்த கோடெல்லாம் ஒன்றாகிப்போனதால் படத்தின் கனம் குறைந்து இன்னும் வேகம் வந்தது. முறை தெரிந்தது அவளுக்கு. கத்தியது நான். நான் கத்தாமல் இருந்திருந்தால் அது இன்னும் தள்ளியே கிடந்திருக்கும். அதை அவளும் இல்லை என்று சொல்லமாட்டாள்.

அழகு விஷயத்தில் எங்களுக்குச் சண்டை வந்தது. ஏரி என்றால் அலை இருக்க வேண்டாமா என்று நான்தான் கேட்டு வாங்கியிருந்தேன். தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன அலை, குப்பங்களுக்கு ஒரு நிழல், முகத்துவாரத்தில் லைட்டு மாதிரி ஒரு பளபளப்பு. போனுக்குக் கோடு வரைவதைவிட நிழல் போடுவதுதான் கஷ்டம் என்று அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். பளபளப்பை எடுத்த அன்றைக்கு நான் போனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் அம்மா, "இன்னாடி, ஒன் நைனா மூஞ்சி ஏரில உழுந்த மாதிரி கீது" என்று சொல்லி, திரும்ப என்னிடமே தந்தாள்.

பிறகு, திரையில் தெரிகிற இடத்தை மட்டும் வரையும்படி போனுக்குச் சொல்லிவைத்தாள். ஒரு கோடியில் இருக்கிற பாட்டைப் பார்க்கும்போது மறு கோடியில் இருக்கிற முகத்துவாரம் எதற்கு? பேர்களையும் பெரிசாக்கினால்தான் வரும்படி செய்தாள். விரலால் இழுக்கும்போது மறுபடி வரையாமல், வரைந்ததையே அப்படியே நகர்த்தச் சொன்னாள். விரலை எடுத்த பிறகு புதுசாக வந்த ஓரத்தை மட்டும் வரைந்துகொள்ளும். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு என்னைக் கேட்பாள்: இப்ப எப்படி? நான் படகில் போய், வெயிலில், என் பழைய போனில் திறந்து பார்த்துச் சொல்லுவேன். அவள் வைத்திருக்கிற போன் எதையும் வேகமாகத்தான் காட்டும். என் போனில்தான் குட்டு தெரியும். எங்கே திக்குகிறது, எங்கே சுடுகிறது, எங்கே தண்ணீருக்கு முன்னால் கழி வந்துவிடுகிறது, எல்லாம் நான் சொன்னது.

ஒரு நாள் படம் சரியாகிவிட்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. விரல் போன பக்கமெல்லாம் ஏரி வந்தது. துறையில் உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒரு குதி இல்லை, ஒரு வெள்ளை இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயங்காலம் போன் வந்தது.

"இப்ப எப்பிடி நைனா?"

"கொஞ்சம் மெதுவாத்தான் கீது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்க வேண்டியதில்லை. சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டால் நாளைக்கு எதற்காகக் கூப்பிடுவாள்? அடுத்த நாளும் மெதுவு என்றேன். அதற்கடுத்த நாள் பெரிசாக்கும்போது திக்குகிறது என்றேன். அவள் எங்கே, எந்தப் பாட்டில், காற்று எப்படி, ஊரில் யாரார் வந்தார்கள், அம்மாவுக்குக் கால்வலி தேவலையா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்க்கிறேன் என்றாள். இப்படியே மழைக்காலம் ஆரம்பிக்கிற வரைக்கும் ஓடியது. தெற்கே தூரத்தில் கப்பல் வருகிற துறைமுகத்து விளக்குகள் எரிய ஆரம்பிக்கிற நேரத்துக்குப் போன் அடிக்கும். நான் துறையில் முன்கூட்டியே போய் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் அவள் சொன்னாள்: "நைனா, அந்தப் படம் ஒவ்வொரு வாட்டியும் எவ்ளோ நேரத்துல வரைஞ்சு முடிச்சுதுன்னு எனக்கு அனுப்பும். ஒன் போன்லேர்ந்தும் வருது."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எப்போலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"அப்ப ஏன் தெனமும் கேட்டுக்கினு இருந்தே?"

"நீ சொல்லிக்கினு இருந்தியே."

அவ்வளவுதான். காற்று வாடையாகத் திரும்பிவிட்டதா என்று கேட்டாள். திரும்பிவிட்டது என்றேன்.

படத்தைக் கூட்டத்தில் காட்டினார்கள். அந்த அதிகாரி தன் போனிலேயே திறந்து, எல்லைகளைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். இப்போது ஊரில் எல்லார் போனிலும் இருக்கிறது. தரை தட்டி நிற்கிறது என்று சொன்னானே பங்காளி, முறை மாறுகிற நாளில் அவன்தான் முதல் ஆளாகத் திறக்கிறான். நன்றாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லமாட்டான். திறக்கிறான், அது போதும்.

மகள் இப்போது வேறு ஏதோ பெரிய வேலையில் இருக்கிறாள். நல்ல வேலை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாள், சில ஞாயிறு விட்டுப்போகிறது. சாப்பிட்டியா என்கிறாள், சாப்பிட்டேன் என்கிறேன். தினமும் விளக்கு எரிகிற நேரத்துக்கு நான் துறைக்குப் போய்விடுகிறேன். பழகிவிட்டது. படத்தைத் திறந்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துப் பார்க்கிறேன். எவ்வளவு வேகமாக இழுத்தாலும் வருகிறது. நான் திறந்து பார்த்தேன் என்பது அவளுக்குப் போய்ச் சேருமா, இல்லை அதையும் இப்போது நிறுத்திவிட்டாளா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

இப்போது என் கோரிக்கை. படத்தின் அடியில் தொட்டால் ஒரு பக்கம் வருகிறது. உருவாக்கியவர்கள் என்று என் மகள் பேரும், அவளோடு வேலை செய்கிற இரண்டு சிநேகிதிகள் பேரும் இருக்கிறது. உழைத்திருப்பார்கள், இருக்கட்டும். அதற்குக் கீழே, எல்லை விவரம்: ஊர் மீனவர்கள் என்று ஒரே வரி. நான் அந்த ஒரு வரிக்குள் எங்கேயோ இருக்கிறேன். ஐஸ் உடைக்கிற கட்டையோடு நின்று கேலி செய்த பங்காளியும் அதே வரியில்தான் இருக்கிறான்.

இது நியாயமில்லை. காற்றில் படகு தள்ளி எல்லை முழுவதையும் எடுத்தது நான். என் பழைய போனை வைத்துக் குறை கண்டுபிடித்தது நான். நடுவில் விட்ட தண்ணீர் கிடையாது என்று கத்தியது நான். மெதுவு என்று சொன்ன நாள்களையும் நான் உழைப்பாகத்தான் கணக்கு வைத்திருக்கிறேன். அந்த நாள்களில் நான் எதையுமே சரி செய்யவில்லை என்று அவள் மனசாட்சியோடு சொல்லட்டும், பார்க்கலாம். என் பேர் அந்தப் பக்கத்தில் தனி வரியில் வர வேண்டும். அவள் பேருக்குப் பக்கத்தில், இன்னின்ன வேலை செய்தவர் என்ற விவரத்தோடு. விவரத்தை அவளாக ஊகித்து எழுதக்கூடாது. என்னைக் கேட்டு எழுத வேண்டும். சொல்வதற்கு நிறைய இருக்கிறது, ஒரு சாயங்காலத்தில் முடியாது.